பாகம் பிரியாத 214 கோடி: ஓர் ஆய்வு

பாகப்பிரிவினைக்கு அறவே இடம்கொடுக்காத சொத்து உலகில் ஒன்று உண்டென்றால் அது 2147483647 ரூபாய்தான் என்பது இவ்வாய்வின் துணிபு. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ரூபாயை விட்டுச்செல்லும் பெரியவருக்கு இரண்டு பிள்ளைகளா, ஏழு பிள்ளைகளா, ஊரே வாரிசா என்பது பொருட்டல்ல. ஒரு ரூபாய்கூட மிஞ்சாமல் சமமாகப் பிரிக்க வழி கிடையாது. ஒரே வாரிசு இருக்கவேண்டும், இல்லையேல் அத்தனை கோடிப் பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்கிப்போக வேண்டும். இது பகா எண் என்று 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். 46,340 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டியது. காரணி என்று ஒன்று இருந்தால் அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீரும் என்று கண்டுகொண்டதால், நானூறுக்கும் குறைவான எண்களோடு வேலை முடிந்தது. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அவரிடமும் இவ்வெண் இரக்கம் காட்டவில்லை.

பகா எண் என்றாலே வகுபடாதுதானே, 7 செய்யாததை இது என்ன செய்துவிட்டது என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டைப் பார்க்கச் சொல்வோம். ஒரே ஒரு ரூபாய் கூடிய 2147483648ஐ 31 தடவை பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு ரூபாய் நிற்கும்வரை முணுமுணுப்பே வராது. அவ்வளவு தாராளத்துக்கும் இவ்வளவு வீம்புக்கும் இடையே இருப்பது ஒரு ரூபாய். அதற்காக, இரண்டின் அடுக்கில் ஒன்றைக் குறைத்தாலே வீம்பு வந்துவிடும் என்றும் விதி செய்ய முடியாது. 2048இல் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள்: 2047, 23 பேருக்கு ஆளுக்கு 89 என்று சத்தமில்லாமல் பிரிந்துவிடுகிறது. ஆக, வீம்பு இவ்வெண்ணின் பிறவிக்குணம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பது அடுத்த ஆட்சேபம். அது பழைய ஆட்சேபம். இவ்வெண்ணிலிருந்து பிறக்கும், தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான நிறைவெண்ணைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவையெல்லாம் உதவாத வேடிக்கைகள் என்று கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1811இலேயே எழுதிவிட்டார். 1876இல் இன்னொரு கணித அறிஞர் லூகாஸ், அதைவிடப் பெரிய நிறைவெண்ணைத் தரும் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து நின்றார். பயனைப் பொறுத்தவரை, 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கும் கணினிக்கு எட்டுகிற மிகப்பெரிய எண் இதுவே. மேலே ஒன்றைக் கூட்டினால் கணக்கு கழித்தல் 2147483648க்குக் கவிழும். ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டு பார்க்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை 2014இல் இந்த எல்லையைத் தொட, யூட்யூப் 64 பிட்டுக்கு மாறியது. எல்லையை வகுத்தது பிட்டுதானே, பகா எண் ஆனது தற்செயல்தானே என்பார்கள். கணிதம் அப்படித்தான் சொல்லும். ஆனால் காவலுக்கு நின்றவன் யாருக்கும் வளையாதவன் என்பதை இவ்வாய்வு விட்டுக்கொடுக்காது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கருவிகள், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இவனிடம் வந்து நிற்கும். அடுத்த நொடி அவற்றுக்கு 1901 டிசம்பர். அப்படிப்பட்ட கருவி வைத்திருப்போர் திங்கட்கிழமைக்குள் மாற்றிக்கொள்ளவும்.