முதுகுன்றத்து பிரஸ்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கையால் சுற்றுகிற பழைய திருகு பிரஸ்ஸுக்கு ஓய்வே கிடையாதா?

ஊர்ப் பெயரைப் பாருங்கள். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் அசையாத மலை. தேவாரத்திலும் இது திருமுதுகுன்றம்தான். இங்கே போய் வயதைக் காரணம் காட்டலாமா?

வார்ப்பிரும்பு ஆயிற்றே, உடையாதா?

கீழே போட்டால் உடையும், வேலை கொடுத்தால் உடையாது! உள்ளே இருக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். திருகின் மரை தேய்ந்தால் லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். பாவம், அச்சுதான். பீங்கான் கலவையில் களிமண், பெல்ஸ்பாரோடு குவார்ட்ஸும் இருக்கிறது. அது சாதா இரும்பைவிடக் கடினம், உரசி உரசியே அச்சைத் தின்றுவிடும்.

அமெரிக்காவில் காலித் தோட்டாவை மறுபடி நிரப்பும் பழைய பிரஸ்ஸைத் தாத்தா பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாராம். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே சாதிதான். அதே வார்ப்பிரும்பு, அதே கைப்பிடி, அதே அச்சு. இரண்டிலும் முதலில் அழுத்த வேண்டும், பிறகு சுட வேண்டும். அங்கே துப்பாக்கியில், இங்கே 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையில்.

அப்படியானால் நம் பிரஸ்ஸுக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, ஆனால் துருவால் அல்ல. இந்தப் பிரஸ் அழுத்தித் தந்த பீங்கான் பீஸ் கட்டை வீட்டுக்கு வீடு இருந்தது; அதன் இடத்தை எம்.சி.பி. சுவிட்ச் பிடித்துவிட்டது. பீஸ் போனது பிரஸ்ஸுக்கு அல்ல, சந்தைக்கு. பட்டறைக்காரர்களே, பிரஸ்ஸைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அச்சை மாற்றினால் அதே பிரஸ் நாளைக்கு வேறு பொருளை அழுத்தித் தரும்.