சத்தமில்லாத நூறு வாட்

எலக்ட்ரிக் கிடாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. மற்றக் கிடார்களுக்கு உள்ளது போலக் குடைந்த வயிறு இல்லை, கெட்டியான பலகை. ஒயரைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு ஆவேசமாக வாசித்தாலும் அடுத்த அறையில் சீரியல் பார்ப்பவர் தலையைத் திருப்ப மாட்டார். அடுக்குமாடிக் குடியிருப்புக்கென்றே படைக்கப்பட்ட வாத்தியம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் காரணத்துக்காக இதை வாங்கியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. நாங்கள் வாங்குவது ஊர் அதிர்வதற்காக.

அதிர வைப்பது ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர். 1960-களின் நடுவில் 'தி ஹூ' குழுவினர் இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று நச்சரித்ததால் லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார். உலகத்தில் பலருக்குக் காது மந்தமானதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நூறு வாட்தானா மாப்பிள்ளை? பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியற அளவுதானே?" என்றார். கணக்கு சரி. ஆனால் குண்டு பல்பு எரிந்தால் கீழ் வீட்டுக்காரர் படியேறி வர மாட்டார்.

ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வால்வு ஆம்ப் அதற்கு ஒத்துக்கொள்ளாது. வால்வுகளை மூச்சு வாங்கும்படி விரட்டினால்தான் அந்தக் கரகரப்பு பிறக்கும். அடக்கி வைத்தால் பஜனைக்கு வந்த பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அப்படியே துணிந்து ஆம்பை அலறவிட்டு எதிரில் மைக் வைத்தாலும் வேறு வம்பு. எங்கள் வீடு நங்கநல்லூரில் மூன்றாவது மாடி. மைக் பாரபட்சம் பார்க்காது. குக்கர் விசில், மேல் வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், தெருவில் பழைய பேப்பர்காரர், எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. போதாததற்குத் தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்.

ஆகவே ஆம்பும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். கிடாரில் இருக்கும் பிக்கப்புக்குக் காதே கிடையாது என்பதுதான் இதில் நமக்குக் கிடைத்த வரம். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. எஃகுத் தந்தி அதன் மேல் அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த விதி. காற்றுக்கு அங்கே வேலையில்லை. குக்கர் விசிலடித்து ஓய்ந்தாலும் பதிவில் அது வராது. கிடார் ஒயரை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டியில் சொருகி, பெட்டியை லேப்டாப்பில் சொருகினால், அது விநாடிக்கு 44,100 முறை அந்த மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. பெட்டியில் 'இன்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கியாக வேண்டும். பிக்கப் கூச்ச சுபாவம் உள்ளது. ஒரு மெகா ஓம் மின்மறுப்பு உள்ள வாசலில் விட்டால்தான் முழுதாகப் பேசும். சாதாரண லைன் வாசலில் விட்டால் கணீரென்ற மேல் ஒலிகளை விழுங்கிவிட்டு முனகும்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1968-இல் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு பீட்டில்ஸ் குழுவினர் ஆம்ப் பக்கமே போகாமல் கிடாரை ஸ்டுடியோவின் மிக்ஸிங் மேஜையில் நேராகச் சொருகி, மேஜை தாங்குகிற அளவுக்கு மேல் விரட்டினார்கள். பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் அந்தக் கிடார் அலறல், மேஜை விட்டது. மேஜை இ.எம்.ஐ. கம்பெனியுடையது. கம்பெனி சாமான் என்றால் யாருக்குத்தான் கை கூசும்?

ஆனால் எங்கள் குலதெய்வம் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்தவர், பகலில் போலராய்டு கம்பெனியில் இன்ஜினியர், இரவில் வீட்டு நிலவறையில் கிடார். பெரும்பாலும் அந்த நிலவறையில் பதிவானதுதான் 'பாஸ்டன்' குழுவின் 1976 ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதி போனது. பணம் வந்ததும் மனிதர் தீவு வாங்கவில்லை. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் வாசிக்கிற 'ராக்மேன்' என்ற பெட்டியை 1982-இல் கொண்டுவந்தார். டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தில் மைதானத்தையே நிரப்புகிற மாதிரிக் கேட்கும் கிடார்களுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெட்டி. 1998-இல் லைன் 6 கம்பெனியின் 'பாட்' வந்து, பழைய ஆம்புகளின் குணங்களைக் கணக்காக்கிச் சிப்பில் அடைத்தது. இப்போது அதே கணக்கு லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

கணக்கில் ஆம்ப் மட்டும் இருந்தால் போதாது. ஸ்பீக்கர் இல்லாத கரகரப்பு, தகர டப்பாவில் அடைத்த வண்டு போல இருக்கும். கிடார் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கரே அல்ல; ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குத் தொண்டை கட்டிவிடும். அந்தக் கட்டின தொண்டைதான் நமக்குத் தேவை. அதனால் எங்கோ ஒரு ஸ்டுடியோவில் நிஜ ஸ்பீக்கருக்குள் ஒரு சோதனை ஒலியைச் செலுத்தி, எதிரில் மைக் வைத்துப் பிடித்து, அந்த ஸ்பீக்கரும் மைக்கும் ஒலியை என்ன பாடுபடுத்துகின்றன என்பதை ஒரு சின்ன ஃபைலாக விற்கிறார்கள். பெயர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஷூர் எஸ்எம்57 மைக், கூம்பின் நடுவில். அதே மைக், கூம்பின் ஓரத்தில். ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி. கொஞ்சம் சாய்த்து. மைக் இல்லாமல் பதிவு செய்கிறவனுடைய ராத்திரியெல்லாம் எந்த மைக் என்று தேர்ந்தெடுப்பதிலேயே போகிறது. பெண் பார்க்கும் படலத்தில்கூட நான் இத்தனை தயங்கவில்லை. (அங்கே எனக்குக் காட்டப்பட்டது ஒரே ஃபைல்.)

இன்னொரு தொல்லை, தாமதம். லேப்டாப் எண்களைக் கூடை கூடையாக வாங்கித்தான் வேலை செய்யும். கூடைக்கு 1024 எண் என்று வைத்தால், போக ஒரு கூடை, வர ஒரு கூடை, சுமார் 46 மில்லி செகண்டு. அதற்குள் ஒலி காற்றில் ஏறக்குறைய 16 மீட்டர் போய்விடும். அதாவது நான் இங்கே வாசிக்கிறேன், ஆம்ப் எதிர் பிளாக்கில் இருக்கிறது. 128 என்று குறைத்தால் ஆம்ப் இரண்டு மீட்டருக்கு வந்துவிடும். லேப்டாப்புக்குத்தான் மூச்சு முட்டிப் படபடவென்று வெடிக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு வந்தது, 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.

மாமனார் வாழ்வில் மறுபடி வசந்தம் வந்தது அன்றைக்குத்தான். ஹெட்ஃபோனை வாங்கி ஒரு காதில் வைத்தார். "ஐம்பது சைக்கிள்" என்றார், பழைய சிநேகிதனைக் கூட்டத்தில் அடையாளம் கண்டவராக. பிக்கப்புக்குக் காது இல்லை. ஆனால் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் அதற்கு நன்றாகவே எட்டும். அமெரிக்காவில் அறுபது சைக்கிள். ஐம்பதுக்கு அறுபது, ஐந்துக்கு ஆறு. நம் மின்சாரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அமெரிக்க மின்சாரம் அச்சாகச் சாதாரண காந்தாரம். இரண்டு தேசத்து இரைச்சலையும் சேர்த்துப் போட்டால் சோகமான ஒரு பாட்டுக்கு அருமையான தொடக்கம் கிடைக்கும். நான் இதைச் சொன்னபோது மாமனார் ரசிக்கவில்லை. அவர் லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பின்னு. எர்த்தே இல்லை. இதுல உக்காந்து சங்கீதமா?"

இந்த இரைச்சலைத் தீர்க்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருளை எதிரெதிராகக் கோத்து ஹம்பக்கர் செய்தார். என் கிடார் ஒற்றைச் சுருள். அதற்கு ஒரே வைத்தியம் திசை. உட்கார்ந்தபடியே திரும்பத் திரும்ப இரைச்சல் கூடும், குறையும்; ஓரிடத்தில் அநேகமாக அடங்கிவிடும். மாமனார் என் நாற்காலியை அங்குலம் அங்குலமாகச் சுழற்றினார். அடங்கிய இடத்தில் நான் ஈசானிய மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அப்படியும் மேலே ஒரு நறநறப்பு மிச்சம். அது ஃபேன். ஃபேனின் சத்தமில்லை, அதன் ரெகுலேட்டர். இந்தக் காலத்து வழவழப்பான ரெகுலேட்டர்கள் பலவற்றில் ட்ரையாக் என்ற சில்லு, மின் அலையை ஒவ்வொரு பாதியிலும் நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நறுக்கும்போதெல்லாம் ஒரு சிலும்பல் தெறிக்கும். அணைத்தால் நறநறப்பு போச்சு. ஆனால் அது கத்திரி வெயில். மைக் வைத்தால் ஃபேன் சத்தம் கேட்கும் என்று மைக்கையே விட்டொழித்தவன், மைக் இல்லாமலும் ஃபேனை அணைத்துவிட்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் கும்பகோணம் போய், பரணில் கிடந்த கறுப்புப் பெட்டி ரெகுலேட்டரை எடுத்து வந்து மாட்டினார். உள்ளே வெறும் கம்பிச் சுருள். "சூடாகும். ஆனா யாரையும் நறுக்காது." என் ஸ்டுடியோவிலேயே நம்பகமான கருவி இன்றைக்கு அதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் கலை எப்படி இருக்கும் என்பதை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். எனக்குள் இருபதாயிரம் பேர் கைதட்டும் மைதானம். அவளுக்குத் தெரிவது, ஈசானிய மூலையைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, வாயைக் கோணி, தலையை ஆட்டும் ஒரு மனிதர். சத்தமே இல்லை. "என்னங்க, வயித்துவலியா? ஓமத் தண்ணி தரட்டுமா?" உலகத்தில் எந்த கிடார் மேதையும் ஒரு சோலோவின் உச்சத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்க மாட்டார்.

பதிவு முடிந்து, அதற்கு மெருகேற்ற ஒரு மென்பொருள் வாங்கினேன். பழைய ஸ்டுடியோக் கருவிகளை அப்படியே போலச் செய்கிற வகை. அதன் ஓரத்தில் ஒரு சுவிட்ச்: 50, 60, ஆஃப். மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது என்ன மாப்பிள்ளை?" என்றார். பழைய கருவிகளில் இருந்த மின்சார இரைச்சல் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினேன். நம் ஊர் இரைச்சலா, அமெரிக்க இரைச்சலா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அவர் தலைக்கு மேலே, தான் மாட்டிய ரெகுலேட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காசு குடுத்தா வாங்கினீங்க?"

பதில் சொல்லாமல் கடைசி வேலையைத் தொடர்ந்தேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வாசித்தது அப்படித்தானே கேட்கும், வறண்டு கிடந்தது. ஸ்பீக்கரை ஃபைலாக்குவது போலவே கட்டடங்களையும் ஃபைலாக்கி விற்கிறார்கள். ஐரோப்பியத் தேவாலயம் ஒன்றின் எதிரொலியை ஏற்றி, முழுப் பாட்டையும் மாமனார் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றியவர், சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மண்டபம் நல்ல உயரம். வாடகை என்ன ஆச்சு?"

மண்டபமே இல்லை மாமா, இதே நாற்காலிதான் என்றேன். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பற்றி முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"சரி மாப்பிள்ளை, நான் அவகிட்ட சொல்லலை."