நீலத்துக்கு என்ன ருசி?

தொப்பம்பட்டிப் பெட்டிக்கடைகளில் ஸ்டிங் என்ற எனர்ஜி டிரிங்கின் சிவப்பு பாட்டில் குடியேறி வெகுநாளாகிறது. அதற்கு நீல நிறத்தில் ஒரு தம்பியும் உண்டு: 'புளூ கரன்ட்'. சிவப்புக்கு 'பெர்ரி' என்று சொல்லிச் சமாளிக்கலாம். நீலத்துக்கு எந்தப் பழத்தைக் கைகாட்டுவது? நாவல் பழம் என்றால் நாவல் மரமே கோபித்துக்கொள்ளும்.

சரி, குடித்துப் பார்ப்போம். முதல் மடக்கு சர்க்கரை. இரண்டாம் மடக்கு, கொஞ்சம் கேஸோடு சர்க்கரை. மூன்றாவதில் ருசி பார்ப்பதை நாக்கே விட்டுவிடுகிறது.

சுவாரசியம் லேபிளில்தான். இந்த வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது சட்டம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல, நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் அச்சடிக்க வேண்டும். அச்சடிக்கிறார்கள், எறும்பு சைஸில். அதை வாசிக்கக் கண்ணாடி போட்ட தாத்தா வேண்டும். வாங்குகிறவனோ பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன்.

புது ருசி என்றாலே கம்பெனிகளுக்குக் கை அரிக்கும். 1985 ஏப்ரலில் அமெரிக்காவில் கோக் தன் ருசியை மாற்றியது. ஜனங்கள் போட்ட சத்தத்தில் ஜூலையிலேயே பழைய ருசி திரும்பி வந்தது. 2004இல் இந்தியாவுக்கு வந்த வெனிலா கோக்கும் நிலைக்கவில்லை. 1916இல் விருதுநகரில் பிறந்த காளிமார்க்கின் பொவண்டோவோ அதே திராட்சை வாசனையோடு இன்றும் கல்யாணப் பந்திக்கு வருகிறது.

நீலத்துக்கு நூற்றுக்கு 35 போடலாம். பாஸ்தான், அதுவும் ஜில்லென்று இருந்ததற்காக. மார்க் கடைக்காரரின் ஃபிரிட்ஜுக்கு.