ஓடு மெலிசு

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முப்பது வருடமாக நான் கணக்குப்பிள்ளை. போன தை மாதம் எனக்கு ஒத்தாசைக்கு ஒரு பையனைப் போட்டார்கள். பி.காம். படித்தவன். வாய்க்கு வாய் ‘அண்ணா’. என் மகனுக்கே அவன் தம்பி வயசு.

முதல் சண்டை கட்டைவிரலால் வந்தது. மக்காச்சோள லாரி எப்போது வரும், எடை போட யார் போக வேண்டும் என்று அரை மணி நேரம் தடவித் தடவி வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். எங்கள் காலத்தில் அதைக் காட்டினால் ஒன்று கைநாட்டு, இல்லாவிட்டால் ‘போய்யா, ஒன்றும் கிடையாது’. இரண்டில் எது என்று கேட்டேன்.

“சரிங்கன்னு அர்த்தமுங்ண்ணா.”

‘சரிங்க’வுக்கு மொத்தமே நாலு எழுத்து!

அடுத்தது காசு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை சொன்னதும் நாமக்கல் பக்கம் ‘அஞ்சு காசு ஏறிடுச்சு, பத்து காசு இறங்கிடுச்சு’ என்றுதான் பேச்சு. பையனுக்குச் சிரிப்பு. 2011-ல் 25 காசு செல்லாமல் போனபோது அவன் மூன்றாம் வகுப்பு.

“லட்சம் முட்டைக்கு அஞ்சு காசுன்னா ஐயாயிரம் ரூபாய், கண்ணு” என்று பாடம் நடத்தினேன்.

மறுவாரம் 500 பெட்டி லோடு. பெட்டிக்கு 210 முட்டை. அவன் போனை எடுப்பதற்குள் “1,05,000!” என்றேன், லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் கேட்கும்படி. பில்லையும் நானே எழுதி லாரியை அனுப்பினேன்.

கால் மணி நேரம் கழித்துப் பையன் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான். “அண்ணா, நேத்து ரேட்டைப் போட்டுட்டீங்க போலருக்குங்க.”

அன்றைக்கு ஏறியிருந்தது அஞ்சே காசு. 5,250 ரூபாய். வியாபாரிக்குப் போன் போட்டு, முதலாளி காதுக்குப் போகாமல் சரிசெய்தது அவன்தான். அதுவரை நான் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று தெரியாது. இருபது வாரத்தில் முட்டைக்கு வரும் கோழி சின்னதாகத்தான் இடும். வயசு ஏற ஏற முட்டை பெருசு; ஓடு மட்டும் மெலிசாகிக்கொண்டே போகும். அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடும்.

நேற்று சாயங்காலம் பையன் போனைப் பார்த்தபடி வந்தான். “எம்பது வாரம் தாண்டிடுச்சுங்ண்ணா. ஓடு தாங்கல. கழிச்சு விட்டுடலாமுங்களா?”

எந்த ஷெட் என்று எதற்கும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.