குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள்

தடுப்பூசி என்றால் நகரம் முன்னால், கிராமம் பின்னால் என்றுதான் எங்கள் தலைமுறை நம்பி வளர்ந்தது. அன்றைக்கு அது உண்மையும்கூட. 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் இருந்த என் அத்தை பிள்ளைகளுக்கு எந்த ஊசி எப்போது போட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டை இருந்தது. எங்கள் கிராமமான திருவாதவூரில் நாங்கள் ஊசி போடுகிறவரைக் கண்டாலே ஓடினோம்.

அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வருவார். கண்மாய்க் கரையில் மாடு மேய்க்கிற பையன்கள் முதலில் பார்த்துச் சத்தம் கொடுப்பார்கள். அவர் சாவடிக்கு வந்து சேர்வதற்குள் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. என் அப்பத்தா எங்களை நெல் குலுக்கைக்குப் பின்னால் உட்காரவைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு வாசலில் போய் நிற்பார். “பிள்ளைக ஒண்ணும் இங்க இல்லீங்கய்யா. எல்லாம் மாமன் ஊருக்குப் போயிருக்குதுக.”

அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. தோலில் ஊசியை அழுத்தித் திருகுவார்கள். புண்ணாகும், சீழ் வைக்கும், காய்ச்சல் வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வீட்டில் இருந்தால் அன்றைய நடவுக்கூலி போச்சு. மாரியாத்தாள் இறங்குகிற உடம்பில் இரும்பைக் குத்துவதா என்ற கலக்கம் வேறு. இத்தனையும் தாண்டி பெரியம்மை ஒழிந்தது. இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று 1977-ல் சான்று கிடைத்தது. என் தோளில் இருக்கும் தழும்பு என் பிள்ளைகளுக்கு இல்லை.

படிப்பறிவு இல்லாதவர்கள்தான் ஊசிக்குப் பயந்தார்கள் என்பதும் சரியில்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்து 1948 முதலே சென்னை கிண்டியில் தயாரானது. 1950-களில் அதை ஊர் ஊராகப் போடக் கிளம்பியபோது, 1955-ல் அதை எதிர்த்துப் பிரசுரமே வெளியிட்டவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இருந்தவர், கற்றறிந்தவர். இன்று மதுரையின் பெரிய அரசு மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு முதலில் போடும் ஊசிகளில் அதே பி.சி.ஜி.யும் ஒன்று. சந்தேகம் என்பது கல்லாதவர் வீட்டுச் சொத்து அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் ஊர்த் திருமறைநாதர் கோயில், வாத நோய் தீர வேண்டிக்கொள்ளும் தலம். சூம்பிய காலோடு இருக்கும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியூர்த் தாய்மார் வருவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இளம்பிள்ளை வாதம். எங்கள் வகுப்பிலேயே ஒரு பையன் முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பான். விளையாட்டு பீரியடில் எங்கள் சட்டைகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். 1995-ல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. தமிழகத்தில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. கோயிலுக்கு இன்றும் தாய்மார் வருகிறார்கள். அப்படிப்பட்ட காலோடு ஒரு குழந்தையைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டமோ விளம்பரமோ இல்லை, நடந்து வந்த ஒரு பெண். அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் 1985-ல் வந்தது. அதைத் தோளில் தொங்கிய பெட்டியோடு எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊருக்கு அவர் நர்சம்மா. முதலில் சாவடியில் உட்கார்ந்துதான் ஊசி போட்டார். ஊர்த் தெருப் பெண்கள் வந்தார்கள். காலனிப் பெண்கள் வரவில்லை. சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. அந்தச் சாவடித் திண்ணையில் அவர்கள் உட்கார முடியாது, அவ்வளவுதான். வெயிலில் ஓரமாக நின்று, எல்லோருக்கும் முடிந்த பிறகு பிள்ளையை நீட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? பதிவேட்டில் அந்த வீடுகளுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கும். வர முடியாததையும் வராததையும் பதிவேடு பிரித்துக் காட்டாது.

பிறகு வந்த ஒரு நர்சம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலனிக்கே போய், அங்கன்வாடியில் உட்கார்ந்தார். ஊர்த் தெருவில் முணுமுணுத்தார்கள். “ஊசி வேணும்னா இங்க வாங்க தாயி. மருந்துக்குத் தெரு தெரியாது” என்று சொல்லிவிட்டார். சில வாரம் வீம்பு பிடித்தவர்கள் பிறகு தாங்களாகவே வந்தார்கள். எங்கள் ஊரில் ஒரே பாயில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் படுத்து அழுத முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்றைக்குப் புதன்கிழமைகளில் அந்த அங்கன்வாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தாய்மார் தாங்களே தேதி சொல்கிறார்கள்: ஒன்றரை மாச ஊசி, இரண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி. நர்சம்மா பெட்டியைத் திறந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டு வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். தட்டம்மை மருந்தைக் கலக்கினால் 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஒன்பது மாசப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லியாகிவிடும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் யாரும் கிளம்பக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில்தான் நர்சம்மா, யார் வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், யார் பேறுகாலத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையில் சில தவணைகள் ஊசி போட்டதைப் பார்த்துத்தான் வந்தன. அதுவும் துணைக்கு நின்றது.

இப்படி ஊர் தேடி வருவது நின்றால் என்ன ஆகும் என்பதையும் தமிழகம் பார்த்துவிட்டது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் தாய்மாரின் துயரத்துக்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. அதன் பிறகு சில காலம் கிராமங்களில் வைத்துப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் கைப்பிள்ளையோடு பஸ் ஏறிப் போவது கூலி வேலைக்காரிக்கு ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் தமிழகத்தில் 2005-06-ல் 80.9 சதவீதம். 2015-16-ல் அது 69.7 ஆகச் சரிந்தது. முழுச் சரிவுக்கும் இந்த ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019-21-ல் 89.2-க்கு ஏறி மீண்டோம்.

நகரத்தின் கதை வேறு பக்கம் திரும்பியது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது மதுரையில் அடுக்குமாடியில் இருக்கும் என் உறவுக்காரப் பெண், பள்ளி அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். எம்.எஸ்சி. படித்தவள். “வாட்ஸ்அப்ல வந்திருக்கு சித்தப்பா, பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?” என்றாள். அப்பத்தாவின் பயமும் இதுதான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல நர்சம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். இவள் வாசலுக்கு வருகிறவரை கீழே காவலாளியே நிறுத்திவிடுவார்.

நகரத்தில் விடுபடும் இன்னொரு கூட்டத்தின் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் யாரையும் மறுப்பதில்லை, அவர்களை யாரும் கேட்பதில்லை. கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பங்கள், வாடகை ஏற ஏற வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், காளவாசலில் செங்கல் அறுத்துவிட்டு மழைக்கு ஊர் திரும்புகிறவர்கள். முதல் ஊசி ஓர் ஊரில், இரண்டாவது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கிராமத்தில் ஒரு பிள்ளை விடுபட்டால் நர்சம்மாவின் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்து அவரை உறுத்தும். நகரத்தில் அந்தப் பிள்ளைக்குக் கட்டமே கிடையாது.

நாடு முழுவதற்குமான கணக்கிலும் இதே திருப்பம் தெரிகிறது. 2005-06-ல் நகரக் குழந்தைகளில் 58 சதவீதம், கிராமக் குழந்தைகளில் 39 சதவீதம் பேர் முழுமையாக ஊசி போட்டிருந்தார்கள். 2019-21-ல் நகரம் 75.5, கிராமம் 76.8. இடைவெளி சிறியதுதான். ஆனால் பின்னால் இருந்தது முன்னால் வந்துவிட்டது. 2022-ல் தட்டம்மை மும்பையின் கோவண்டி குடிசைப் பகுதியில் குழந்தைகளைக் கொன்றது. மருத்துவமனைகள் நிறைந்த மாநகரம் அது.

ஆகவே கிராமத்தாருக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். மதுரையின் ஒவ்வொரு வார்டுக்கும், திருவாதவூருக்கு வாய்த்தது போல, முகம் தெரிந்த ஒரு நர்சம்மா வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் அவருக்குக் கதவைத் திறந்து, சந்தேகப்படும் பெற்றோரோடு உட்கார்ந்து பேச இடம் கொடுக்க வேண்டும். கட்டட மேஸ்திரியும் காளவாசல் முதலாளியும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே கூட வந்திருக்கும் கைக்குழந்தைகளின் பெயரையும் எழுதித் தர வேண்டும். தட்டம்மைக்கு நூற்றில் 95 பேராவது காப்பாக நிற்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. அந்தத் தொண்ணூற்றைந்தில் மாடிவீட்டுப் பிள்ளையும் உண்டு, தகரக் கொட்டகைப் பிள்ளையும் உண்டு. ஒன்று விட்டுப்போனாலும் மற்றதற்கு ஆபத்து. அடுத்த புதன்கிழமைக்குள் உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் பேரப்பிள்ளையின் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் வீட்டு அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.