தேங்காய்க்குப் பயந்த மருமகப்பிள்ளை

வாங்க மாப்ளே. தென்ன மரத்தடியில கட்டில் போட்டா உக்கார மாட்டேன்னுட்டீகளாமே? ஒங்க அத்தை சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறா. வருசத்துக்கு 150 பேரு தேங்கா விழுந்து சாகுறாகன்னு போன்ல படிச்சீகளாம். படிச்ச புள்ள, பயப்படத்தான செய்யணும்.

அந்த 150 எந்த மரத்துல காய்ச்சதுன்னு கேட்டீகளா? பப்புவா நியூ கினியாவுல பீட்டர் பார்ஸ்னு ஒரு டாக்டரு. அடிபட்டு ஆஸ்பத்திரியில சேந்தவுகளை நாலு வருசத்துக்குக் கணக்கெடுத்தாரு. நூத்துக்கு ரெண்டரைப் பேரு தேங்கா விழுந்து வந்தவுக. 1984-ல அதைக் கட்டுரையா எழுதினாரு, 2001-ல இக் நோபல் பரிசு குடுத்தாக. மொதல்ல சிரிக்க வச்சு, பொறவு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பரிசு அது. உலகம் பூரா இத்தன பேரு செத்தாகன்னு அந்த மனுசன் ஒரு வரி எழுதல. பொறவு சீமையில பயண இன்சூரன்ஸ் விக்கிற கம்பெனி ஒண்ணு, சுறாவைவிடத் தேங்கா பொல்லாததுன்னு 150-ஐக் கெளப்பி விட்டுச்சு. இன்சூரன்ஸ் விக்கிறவன் தேங்காயைப் பத்திப் பேசுனா நாமதான் உசாரா இருக்கணும்.

இதே மாதிரிப் பயந்த கதை இன்னொண்ணு இருக்கு. 2016-ல வேலூர்ப் பக்கம் ஒரு காலேஜுல என்னமோ வெடிச்சு, பாவம், ஒரு பஸ் டிரைவரு போயிட்டாரு. விண்கல்லு விழுந்துச்சுன்னு உலகமே பேசுச்சு. நாசாக்காரக போட்டோவைப் பாத்துட்டு, இது தரையில வெடிச்சது மாதிரிதான் இருக்குன்னாக. அதுக்குள்ள நம்ம ஊர்ல பாதிப் பேரு வானத்தைப் பாத்துக்கிட்டே நடந்து வாய்க்கால்ல விழுந்து எந்திரிச்சாச்சு.

சரி, நீங்க வந்த வண்டிக்கு வருவோம். ஹெல்மெட்டு முழங்கையில தொங்குதே, முழங்கைக்கு நல்ல பாதுகாப்பு. ஒத்தக் கையில போனு வேற. 2022-ல நம்ம தமிழ்நாட்டு ரோட்டுல மட்டும் 17,884 பேரு செத்திருக்காக. அந்த வருசம் நாடு முழுக்க ஹெல்மெட்டுப் போடாமச் செத்தவுக 50,000 பேருக்கு மேல. ஒரு தேங்காயையும் இவ்வளவு சுறுசுறுப்பாப் பாத்ததில்ல.

மழை வந்தா மட்டும் மரத்துமேல ஒங்களுக்கு எங்கிட்டிருந்து பாசம் வருதோ! புளியமரத்தடியில போய் ஒண்டிக்கிறீக. அதே 2022-ல இந்தியாவுல மின்னல் தாக்கிச் செத்தவுக 2,800-க்கு மேல. இடி கேட்டா வீட்டுக்குள்ள வாங்க மாப்ளே, தேங்காத் தொவையல் அரைக்கச் சொல்றேன்.

வெளையாட்டு இருக்கட்டும். பாம்பு விசயத்துல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். 2000-லருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்பு கடிச்சுச் செத்தவுக 12 லட்சம்னு மதிப்புப் போட்டிருக்காக, வருசத்துக்கு 58,000. நல்ல பாம்பு சீறும், கண்ணாடி விரியன் குக்கரு மாதிரி உஸ்ஸுங்கும். கட்டு விரியன் சத்தமே போடாது. தரையில பாய் விரிச்சுத் தூங்குறவனை நடுராத்திரி கடிக்கும். பல்லு பட்ட எடமும் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியக்காலம் வயிறு வலிக்குதும்பான், வாயுன்னு ஓமத்தண்ணி குடுப்பாக. பொறவு கண்ணு இமை தன்னால சொருகும், பேச்சு கொழறும். அப்பத்தான் வீடே அலறும்.

நீங்க ராத்திரி மோட்டார் போடப் போறப்போ போன் வெளிச்சம் மொகத்துல அடிக்குது, காலு இருட்டுல போகுது. அதைக் கொஞ்சம் கீழ திருப்புங்க. பாய் போட்டுப் படுத்தா கொசுவலையை ஓரம் சொருகிக் கட்டுங்க. கடிச்சுட்டா கயிறு கட்ட வேண்டாம், பிளேடு வச்சுக் கீற வேண்டாம், பாம்பை அடிச்சுப் பையில போட்டு எடுத்துட்டுப் போகவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காம 108-க்கு போன் போடுங்க. வெசமுறிவு ஊசி கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயே போடுறாக, காசு கெடையாது.