கடைமடையில் ஆங்கில மரபுத்தொடர்கள்: தரங்கம்பாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

மரபுத்தொடரில் சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும். ஆங்கில மரபுத்தொடர்களால் இலண்டனில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தரங்கம்பாடியில் உண்டு. அவற்றில் வரும் ஐஸும் தண்ணீரும் உப்பும் மீனும் இங்கே பிழைப்பு சார்ந்தவை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று இங்கு குடியேறிய டேனியர், 1845-இல்தான் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். பந்திக்குப் பிந்தி வந்த விருந்தாளிக்கு நேர்வதே இத்தொடர்களுக்கும் நேர்ந்தது: எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று.

1. ஐஸை உடைத்தல்

புதியவர்களிடையே தயக்கம் போக்கிப் பேச்சைத் தொடங்குவது இதன் பொருள். மீன் இறங்கும் துறையில் ஐஸ் உடைப்பது கூலி வேலை; உடைத்தது மீன்பெட்டிக்குப் போகும். பேச்சைத் தொடங்க அங்கே ஏலமே போதும். மேலும், தமிழர் ஐஸை உடைப்பதில்லை, வைப்பார்கள். காரியம் ஆக வேண்டிப் புகழ்வதே ஐஸ் வைத்தல். எனவே ஐஸ் பற்றிய பேச்சு எழுந்தவுடன், எதிரில் இருப்பவர் கடன் கேட்கப்போவதாக அஞ்சி எழுந்து போவது இயல்பு.

2. கேக் துண்டு

மிக எளிய வேலை என்று பொருள். தமிழில் இது 'அல்வா சாப்பிடுற மாதிரி'. ஆனால் அல்வாவைச் சாப்பிடும்வரைதான் எளிமை. கொடுத்தால் ஏமாற்று வேலை. கேக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

3. பாலத்துக்கடியில் ஓடிய தண்ணீர்

முடிந்துபோன, இனிப் பேசிப் பயனில்லாத விவகாரத்தைக் குறிக்கும். காவிரி டெல்டாவில் இப்பொருள் செல்லாது. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அந்நீர் கடைமடைக்கு வரும்வரை பாலத்துக்கடியில் எட்டிப் பார்ப்பதே உழவரின் வேலை. 1924 ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018-இல் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என இத்தண்ணீரைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இங்கே இத்தொடரைச் சொல்வது வழக்கை வாபஸ் வாங்குவதற்குச் சமம்.

4. ஒரு சிட்டிகை உப்பு

கேட்டதை அப்படியே நம்பிவிடாமல், சற்றே ஐயத்துடன் ஏற்பது. இதே கடற்கரையில் தெற்கே, வேதாரண்யத்தில், 1930 ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளிய இராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. உப்பை ஐயத்தின் குறியாகக் கொண்ட மொழியினர் அன்று துளியும் ஐயமின்றி நடந்துகொண்டனர்.

5. கடலில் வேறு மீனா இல்லை?

காதலில் தோற்றவரைத் தேற்றும் தொடர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அக்காலத்தில் விசைப்படகு வைத்திருப்பவரின் மகனுக்கு இத்தேற்றரவு பலிக்காது. தடையே மீன்களின் இனப்பெருக்கத்துக்காகத்தான் என்பது அவன் வேதனையைக் கூட்டவும் கூடும்.

முடிவு

இத்தொடர்களைக் கையாளுமுன் மேட்டூர் நீர்மட்டத்தையும் மீன்பிடித் தடைக் காலத்தையும் பார்த்துக்கொள்வது நலம். ஜூன் 12, 13, 14 ஆகிய மூன்று நாளும் தண்ணீர்த் தொடர், மீன் தொடர் இரண்டுமே செல்லாதவை. அந்நாட்களில் தமிழிலேயே பேசிவிடலாம்.